தரம் 1 மகள் வாசிக்கிறாளா, பாடமாக்கிச் சொல்கிறாளா? வீட்டில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: களுவாஞ்சிகுடி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஆறு வயது, தரம் 1. பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசிப்பாள். போன கிழமை நான் அடுப்படியில் நிற்க, அவள் வாசலில் இருந்து வாசித்தாள். எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தள்ளித் திறந்து வைத்திருக்கிறாள், வாயில் வருவது முந்தின பக்கம். படத்தைப் பார்த்துப் பாடமாக்கி வைத்ததைச் சொல்கிறாளோ என்று அன்றைக்குத்தான் யோசனை வந்தது.

கனடாவில் இருக்கும் மச்சாள் கொஞ்சம் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார். அட்டையிலேயே வாசிப்பு நிலை போட்டிருக்கிறது. "உங்கட மகள் இப்ப எந்த நிலை?" என்று ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் கேட்கிறார். தமிழில் அப்படி ஏதாவது அளவு இருக்கிறதா? வகுப்பு டீச்சர் "நல்லா வாசிக்கிறா" என்று மட்டும் சொல்கிறார். பிள்ளைக்குப் பரீட்சை மாதிரித் தெரியாமல் வீட்டில் பார்க்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கல்முனை

புலமைப்பரிசில் தரம் 5இல் வருகிறது. இப்போதே ஒரு ரியூசனில் சேர்த்துவிட்டால் பிறகு கஷ்டப்படத் தேவையில்லை. என்னுடைய அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படித்தான்.

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர், பெரியகல்லாறு

மகள், நீங்கள் அந்தப் பக்கத்தைக் கவனித்ததே பெரிய விசயம். பட்டிருப்பு வலயத்தில் கனகாலம் தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். பாடமாக்கிச் சொல்லும் பிள்ளை வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளையாகத்தான் தெரியும். தரம் 3இல் புதுப் புத்தகம் நீளமான பாடங்களோடு வரும்போதுதான் பிடிபடும். தரம் 1இலேயே கண்டுவிட்டால் சரிசெய்ய நிறையக் காலம் இருக்கிறது. ரியூசன் இப்போது வேண்டாம். எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் எங்கே அனுப்புவது?

முதலில் மச்சாளின் கேள்வி. அந்தப் புத்தகங்களில் போட்டிருக்கும் எழுத்தும் இலக்கமும் ஆங்கிலத்துக்கு உரியவை. ஆங்கிலச் சொற்களின் கடினம், வசனத்தின் நீளம், படம் எவ்வளவு உதவுகிறது என்பவற்றை வைத்துப் போட்டவை. அதைத் தமிழ் வாசிக்கும் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. ஆங்கிலத்தில் எழுத்து 26. எங்களுக்கு உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. தரம் 1 பிள்ளை அதில் பாதியில் நிற்பது பின்தங்கல் இல்லை.

தமிழில் எனக்குத் தெரிந்து கைக்கு அடக்கமானது, இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பின் வாசிப்புத் தாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொல்வார்கள். தமிழிலும் உண்டு. நான்கே படி: எழுத்து, சொல், தரம் 1 அளவில் சின்னப் பந்தி, தரம் 2 அளவில் கதை. பந்தியில் தொடங்குவார்கள். வாசித்தால் கதைக்கு ஏறுவார்கள், தடுமாறினால் சொல்லுக்கு இறங்குவார்கள், அதுவும் சரிவராவிட்டால் எழுத்துக்கு. ஊர் முழுவதையும் எண்ணிப் பார்க்கச் செய்த தாள் அது. ஒரு பிள்ளையை ஆழமாகப் பார்க்க அது மட்டும் போதாது, ஆனால் ஏறி இறங்கும் அந்த ஒழுங்கு வீட்டுக்கு நல்ல உதவி.

பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடி வையுங்கள். அவள் ஒருநாளும் காணாத ஒன்றுதான் வேண்டும். நான் இங்கே ஒன்று எழுதித் தருகிறேன், பெரிய எழுத்தில், படம் இல்லாமல், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

"வாவியில் ஒரு தோணி. தோணியில் அப்பா இருந்தார். அப்பா வலையை வீசினார். வலையில் மீன் இல்லை. ஒரு நண்டு மட்டும் வந்தது. நண்டு அப்பாவின் விரலைக் கவ்வியது."

சரியாக 20 சொல். எதிரே இருக்காமல் பக்கத்தில் இருங்கள். உங்கள் கையில் இதே பந்தியின் இன்னொரு பிரதி இருக்கட்டும், பிழைத்த இடத்தில் அவள் சொன்னதை அப்படியே மேலே எழுதுங்கள். வெறும் பிழை அடையாளம் போட்டால் பிறகு ஒன்றும் விளங்காது. நடுவில் திருத்த வேண்டாம். நின்றுவிட்டால் மெதுவாக ஐந்து எண்ணும் நேரம் பொறுங்கள், பிறகு சொல்லைச் சொல்லிக்கொடுத்து மேலே போகவிடுங்கள். தானே திரும்பிப் போய்த் திருத்தினால் அது பிழை இல்லை. நான் மிகவும் விரும்பும் அடையாளம் அதுதான், ஏனென்றால் வாசித்தது பொருந்தவில்லை என்று அவளுடைய காதே அவளுக்குச் சொல்கிறது.

இப்படிக் குறித்துக்கொண்டு கேட்கும் முறையை நியூசிலாந்தில் மேரி கிளே என்ற அம்மையார் ஒழுங்குபடுத்தினார். அந்த முறையில் நூற்றுக்கு 95 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அந்தப் பந்தி பிள்ளைக்கு இலகு, தனியே வாசிக்க விடலாம். 90 முதல் 94 வரை என்றால் பெரியவர் பக்கத்தில் இருந்து படிப்பிக்க ஏற்ற அளவு. அதற்குக் கீழே போனால் கடினம். எங்கள் 20 சொல்லில் ஒரு பிழை, இரண்டு பிழை, அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்கு ஆங்கிலம் வாசிக்கும் வகுப்பில் பிறந்தது. "வாவியில்" என்று நாங்கள் ஒரு சொல்லில் சொல்வதற்கு அங்கே இரண்டு மூன்று சொல் தேவை. தமிழில் சொல் நீளும், ஒரு சொல்லுக்குள்ளேயே தடுக்கி விழ நாலு இடம் இருக்கும். அதனால் எண்ணிக்கையைப் பெரிதாக எடுக்காமல் எப்படிப்பட்ட பிழை என்று பாருங்கள்.

"வலை"யை "வல" என்றால், லை என்பதில் முன்னால் நிற்கும் குறியை அவள் பார்க்கவில்லை. கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். சின்னக் கண்ணுக்கு இது பெரிய வேலை. "தோணி"யைத் "தொணி" என்றால் இரட்டைக் கொம்பும் ஒற்றைக் கொம்பும் இன்னும் பிரியவில்லை. "கவ்வியது" என்பதைக் "கவியது" என்றால் குற்று (புள்ளி) வைத்த எழுத்தைத் தாண்டிப் போகிறாள். மூன்றும் மூன்று விதமான பிழை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பயிற்சி.

பிழை என்று எண்ணக்கூடாததும் உண்டு. மழையை "மளை" என்று வாசித்தால் விட்டுவிடுங்கள், எங்கள் பக்கத்து வாய் அது. எழுத்தைத் தெரியாமல் அவள் அப்படிச் சொல்லவில்லை. எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. "நண்டு" என்ற சொல்லை எப்படிச் சொல்கிறாள் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். "பட்டு" என்பதில் வரும் வல்லின டு மாதிரி அழுத்திச் சொன்னால், எழுத்தெழுத்தாகக் கூட்டியிருக்கிறாள், ஆனால் சந்தையில் கண்ட அந்த நண்டுதான் இது என்று அவளுக்குப் படவில்லை. கொஞ்சம் நின்று, "ஆ, நண்டு!" என்று வழமையான ஒலியில் திரும்பச் சொன்னால் அந்த இடத்தில் வாசிப்பு நடந்துவிட்டது. க, ச, ட, த, ப எல்லாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். "பகல்", "தங்கம்", "பக்கம்" மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், அவள் எழுத்தில் நிற்கிறாளா சொல்லுக்கு வந்துவிட்டாளா என்று நிமிடத்தில் தெரியும்.

வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பிறகு, "அப்பா அப்ப என்ன சொல்லியிருப்பார்?" தாளில் இல்லாத பதிலை அவள் சொன்னால் கதை அவளுக்குள் போய்விட்டது. நேரம் பார்க்க வேண்டாம். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கு தரம் 1 பிள்ளையை ஓட வைக்கும், ஓடுகிற பிள்ளை ஊகித்துச் சொல்லும்.

பதில்: சம்மாந்துறை வாப்பா

டீச்சர் கடைசியாகச் சொன்னதில்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை இருந்தது. மகன் தரம் 2. குர்ஆன் ஓதப் போய்ப் பழகியவன், எழுத்தைக் கண்டால் ஒலியைச் சுத்தமாகச் சொல்வான். ஓதுவதில் இந்த வயதில் உச்சரிப்புத்தான் முதலில், கருத்துப் பிறகு வரும், அது அதற்குரிய முறை. ஆனால் தமிழையும் அவன் அப்படியே வாசித்தான். ஒரு பிழை இல்லை, என்ன வாசித்தாய் என்றால் முகத்தைப் பார்ப்பான்.

கேள்வி கேட்டால் பயப்படுகிறான் என்று ராத்தா ஒரு வழி சொன்னா. துண்டுக் கடதாசியில் வேலையை எழுதி அவனுடைய கொப்பிக்குள் வைத்துவிடுவேன். "அலுமாரியின் கீழ்த் தட்டைத் திற. வாப்பாவின் தொப்பியை எடு. அதை உம்மாவிடம் கொடு." வாய் திறந்து வாசிக்கத் தேவையில்லை. தொப்பி உம்மாவிடம் போனால் விளங்கியிருக்கிறது. ஒருநாள் தொப்பியை என்னிடமே கொண்டுவந்து தந்தான், "உம்மாவிடம்" என்பதைக் கவனிக்கவில்லை. சொல்லின் கடைசியில் வரும் "இடம்", "இல்", "ஆல்" போன்றவற்றை அவன் விட்டுவிட்டுப் போகிறான் என்று அந்தத் துண்டில்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது அவனே எனக்குத் துண்டு எழுதி வைக்கிறான். தங்கச்சி, உங்கள் மகளுக்கு இரண்டு சொல்லில் தொடங்குங்கள். "கதவைத் திற" போதும்.

பதில்: முன்பள்ளி ஆசிரியை, திருக்கோவில்

ஒன்றைச் சேர்க்கிறேன். வாசிப்பைப் பார்ப்பதற்கு முன் கண்ணையும் காதையும் பாருங்கள். புத்தகத்தை மூக்கருகில் பிடிப்பது, தலையைச் சாய்ப்பது, வரி மாறிப் போவது, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாதது இருந்தால் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலையின் கண் அல்லது காது சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

இங்கே இதை வாசிக்கும் மூன்று நாலு வயதுப் பிள்ளைகளின் அம்மாமாருக்கும் சொல்கிறேன். விஜயதசமிக்கு ஏடு தொடக்கியவுடன் எழுத்தை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். அந்த வயதில் பார்க்க வேண்டியது வேறு. புத்தகத்தைத் தலைகீழாகத் தந்தால் திருப்பிப் பிடிக்கிறதா, வாசிப்பது படத்தை அல்ல எழுத்தை என்று தெரிகிறதா, "மாடு, மாங்காய், பந்து" என்றால் எது சேராது என்று சொல்கிறதா. இவ்வளவும் இருந்தால் எழுத்து வரும்.

பதில்: களுவாஞ்சிகுடி அம்மா

டீச்சர், எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். படம் இல்லையே என்று முதலில் முறைப்பாடு. பிறகு வாசித்தாள். "வலையை" என்பதில் நின்றுவிட்டாள், சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வசனத்தில் "வலையில்" வந்தபோது தானே சொன்னாள். "கவ்வியது" நீங்கள் சொன்ன மாதிரியே "கவியது". நண்டை முதலில் அழுத்தி, பிறகு சிரித்துக்கொண்டு "நண்டு!" அப்பா என்ன சொல்லியிருப்பார் என்றதற்கு, "ஐயோ, விடு விடு, உன்னைக் கறி வைக்கமாட்டன்" என்று சொன்னாள்.

அடுத்த நாள் ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் முதலாம் படிநிலைத் தமிழ்க் கதை ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். அதில் "பப்பாளி" என்று இருந்ததை "பப்பாசி" என்று வாசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். இதைப் பிழை என்று எண்ணுவதா?

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர், பெரியகல்லாறு

எண்ணுங்கள், ஆனால் கவலைப்பட வேண்டாம். எங்கள் வீட்டுப் பழத்தின் பெயரை அந்த இடத்தில் வைத்திருக்கிறாள். கதையின் பொருளைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் பிள்ளைதான் அப்படிச் செய்யும், பாடமாக்கிச் சொல்லும் பிள்ளைக்கு இது வராது. முதல் மூன்று எழுத்தும் ஒன்றாக இருக்கக் கடைசியில் ளி நிற்பதை மட்டும் கண் தவறவிட்டது. அந்தத் தளத்தின் கதைகளில் பெரும்பாலும் இந்தியத் தமிழ், போஞ்சிக்கு பீன்ஸ் என்றெல்லாம் வரும். வாசிக்கக் கொடுக்குமுன் அப்படிப்பட்ட சொற்களை வாயால் சொல்லி வைத்தால் தடுமாற்றம் எழுத்தாலா, அறியாத சொல்லாலா என்று குழம்பாது.

இரண்டு பிழை, கதை முழுக்க விளங்கியிருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருக்க, தரம் 1 பந்தி அவளுக்கு அளவான இடம். இந்த மாதம் இரண்டு விசயம் மட்டும் செய்யுங்கள். குற்று வைத்த எழுத்துக்கு எடு, எட்டு, படம், பட்டம். ஐகாரத்துக்கு வலை, வால், மலை, மால். சோடியாகச் சின்ன அட்டையில் எழுதி, நீங்கள் சொல்ல அவள் எடுக்கட்டும். கொடி, கோடி அடுத்த மாதம் பார்க்கலாம், தோணியில் அவள் தடுமாறவில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தரம் 2 தமிழ்ப் புத்தகம் இலவசமாகக் கிடக்கிறது, தவணை முடிவில் அதன் முதல் பாடத்தில் இருந்து 20 சொல் எடுத்து இதே மாதிரிக் குறித்துப் பாருங்கள். இந்தத் தாளையும் வீசாமல் திகதி போட்டு வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மச்சாள் கேட்டால் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.