மறுமொழி: ‘மின் எரிபொருள் பம்பி’ – ‘மின்’ எங்கே உட்கார வேண்டும்?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

‘இலெக்ட்ரிக் ஃபியுவல் பம்ப்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது, ‘மின் எரிபொருள் பம்பி’ சரியா என்று கேள்வியைப் போட்டுவிட்டு மூன்று நாளாக ஆளைக் காணவில்லை என்று திருகோணமலை அக்கா கோபித்திருக்கிறார். நியாயம்தான். ஸ்கூட்டர் தெமட்டகொடையில் ஒரு கராஜில் கிடந்தது, நானும் அதோடு கிடந்தேன். இப்போது வண்டி வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டது. வந்த மடல்களை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சொல்லுக்குப் போகமுன் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாம் காற்றில் கத்தி வீசிக்கொண்டிருப்போம்.

என்னுடையது 125 சிசி வண்டி. பெற்றோல் தாங்கி காலடித் தட்டுக்குக் கீழே. பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் காபரேற்றர் இருக்கைக்கு அடியில், தாங்கியைவிட உயரத்தில். மோட்டார் சைக்கிளில் தாங்கி மேலே இருப்பதால் பெற்றோல் தன்பாட்டில் இறங்கும். இதில் யாராவது தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு வண்டியோடு வந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு மின்சாரம் கிடையாது. இயந்திரத்தில் முசலம் (பிஸ்டன்) கீழே இறங்கிக் காற்றை இழுக்கும்போது உள்ளிழுப்புக் குழாயில் அமுக்கம் குறைகிறது. அந்த இழுவை ஒரு மெல்லிய இறப்பர்க் குழாய் வழியே பெட்டிக்குள் இருக்கும் மென்றகட்டை (மெல்லிய, வளையும் தகடு) இழுக்கிறது. இழுவை தளரும்போது சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளுகிறது; இந்த ஆட்டம்தான் பெற்றோலை மேலே ஏற்றுகிறது. வாகனக்காரர் இதை ‘டயப்றம்’ என்பார்கள். நம் பாடப்புத்தகத்தில் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையில் இருக்கிறதே பிரிமென்றகடு, அதே சொல், அதே வேலை. நான்கடிப்பு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும்; நிமிடத்துக்கு 1,800 சுற்றில் சும்மா நின்று ஓடினால், இந்த மென்றகடு நிமிடத்துக்கு 900 தடவை மூச்சு விடுகிறது.

2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நின்றது. பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த பிறகு கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது, ஆனால் நின்ற வண்டி பழையபடி எழும்பவில்லை. காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் கிண்ணம் காய்ந்து கிடக்கும், அதை நிரப்ப இயந்திரம் சுழல வேண்டும், இயந்திரம் சுழல பற்றரி தேவை, பற்றரியோ கிழடு. காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டு நிற்பேன், பக்கத்து வீட்டு அன்ரி யன்னலைச் சாத்துவார். இந்த வருடம் மென்றகடும் வெடித்துவிட்டது. அப்படி வெடித்தால் இழுவைக் குழாய் வழியே பெற்றோல் நேரே இயந்திரத்துக்குள் போகும். கறுப்புப் புகை, எரிபொருள் வீண். அதனால்தான் மின்சாரத்தில் ஓடும் ஒன்றைப் பூட்டலாம் என்று வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். சாவியைத் திருப்பியதும் அது ஓடத் தொடங்கிக் கிண்ணத்தை நிரப்பிவிடும், இயந்திரம் சுழல வேண்டும் என்றில்லை.

துண்டில் நான் எழுதிக் கொண்டுபோனது ‘இலெக்ட்ரிக் ஃபியுவல் பம்ப்’. கடைக்காரர் ஒன்றைத் தந்தார். வீட்டில் பூட்டினேன். சாவியைத் திருப்பிய சில வினாடிகளில் காபரேற்றரின் வழிவுக் குழாயால் பெற்றோல் கொட்டத் தொடங்கியது. அவர் தந்தது, காபரேற்றர் இல்லாமல் பெற்றோலை அமுக்கத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிக்கானது. ஹொண்டாவின் இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிள்களில் பம்பி கொடுக்கும் அமுக்கம் 294 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 3 பார். காபரேற்றரில் பெற்றோலை மறிக்கும் மிதவை ஊசிக்கு 0.2 பார் அளவே போதும். பதினைந்து மடங்கு அமுக்கம் வந்தால் அது என்ன செய்யும், பாவம். சூடான புகைக்குழாய்க்கு மேலே சொட்டவில்லை என்பது என் அதிர்ஷ்டம். கடைக்காரரிலும் பிழை இல்லை. நான் எழுதிய ஆங்கிலச் சொல்லுக்கு அவர் தந்ததும் சரியான சாமான்தான்.

ஆகவே ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் இறக்குமதி செய்வோம். ‘மின் எரிபொருள் பம்பி’ என்று முதல் மடலில் நான் எழுதியதில் புதுக் குழப்பம் வேறு. ‘மின்’ எதைத் தழுவுகிறது? பம்பியையா, எரிபொருளையா? மின்சார ஸ்கூட்டர்கள் கொழும்புத் தெருவில் ஓடுகிற காலம். மின் எரிபொருள் பம்பி என்றால் அதற்குச் சார்ஜ் ஏற்றும் இடம் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் அடைமொழி பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும். எனவே ‘மின்’ எழும்பி வந்து பம்பியின் பக்கத்தில் உட்காரட்டும்: எரிபொருள் மின்பம்பி. எழுத்து ஒன்றும் கூடவில்லை, குறையவும் இல்லை. இடம் மட்டும் மாறியது.

இனி வந்த மாற்று யோசனைகள்.

> பம்பி என்பதே கடன் சொல்தானே, எக்கி என்றோ உந்தி என்றோ வைக்கலாமே

சென்னை நண்பரே, ‘எக்கி’ நல்ல சொல். விக்கிப்பீடியாவிலும் புழங்குகிறது. நீரைப் பீய்ச்சும் கருவிக்குப் பழைய சொல்லும்கூட. ஆனால் இங்கே ‘எக்கு’ என்றால் வயிற்றை எக்குவதுதான் நினைவுக்கு வரும். ‘உந்தி’ அதைவிடக் கீழே, தொப்புளுக்கே போய்விடுகிறது. எதை எடுத்தாலும் வயிற்றுப் பக்கம்தான் போகிறோம்.

‘பம்பி’ கடன்தான், மறுக்கவில்லை. பழந்தமிழில் ‘பம்புதல்’ என்று ஒரு வினை இருக்கிறது, செறிதல் என்ற பொருளில். அதை இழுத்துவந்து இது சுத்தத் தமிழ் என்று சாதிக்கவும் நான் தயாரில்லை. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் நீர்ப்பம்பி, காற்றுப்பம்பி என்று படித்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். கடைசியில் ஓர் இகரம் போட்டு, செய்யும் கருவிக்கான உருவத்தைக் கொடுத்து, வந்த சொல்லை வீட்டுப் பிள்ளை ஆக்கியிருக்கிறார்கள். 1847இல் வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் எத்தனை தமிழ்ச் சொற்களை உருவாக்கினார்! அவரே வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று வைத்துக்கொண்டார். எங்கே கட்ட வேண்டும், எங்கே கடன் வாங்க வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இருக்கவில்லை.

‘எரிபொருள்’ வேண்டாம், ‘எரிநெய்’ என்போம் என்ற யோசனை பற்றி: இங்கே 2022க்குப் பிறகு ‘எரிபொருள்’ கிழவி முதல் குழந்தை வரை வாயில் புழங்கும் சொல். அதை மாற்ற எனக்குத் துணிவில்லை. கராஜ் பாஸ் சிங்களத்தில் ‘இந்தன பொம்பய’ என்கிறார். ‘இந்தனம்’ நம் அகராதியிலும் இருக்கிறது, விறகு என்ற பொருளில். சும்மா சொல்லி வைக்கிறேன், அதை எடுப்போம் என்று அல்ல.

கனடாத் தம்பி சொன்ன ‘இறைப்பி’யில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மனம் அங்கேதான் போகிறது. ஊரில் அப்பா விடிய எழும்பித் தோட்டத்துக்கு இறைப்பார். மண்ணெண்ணெய் மிசின் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றுவதுதான் இறைப்பு. என் ஸ்கூட்டரிலும் நடப்பது அதேதான். பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் தம்பி, ‘எரிபொருள் இறைப்பி’ என்று வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பாரும். கேட்பவருக்கு ‘இரைப்பை’ என்று விழும். றகர ரகர வேறுபாட்டைத் தொலைபேசியில் யார் காப்பாற்றுவது? பெற்றோல் குடித்துவிட்டாரா என்று கேட்பார்கள். மறுபடியும் வயிறு! வினையாக வைத்துக்கொள்வோம்: “பம்பி பெற்றோலை இறைக்கிறது.” அதில் குழப்பம் இல்லை.

அடுத்தது மின்சாரம் இல்லாத பழைய பெட்டிக்கு என்ன பெயர் என்பது. அக்கா ‘வெற்றிடப் பம்பி’ என்றார். கராஜிலும் ‘வக்கூம் பம்’ என்றுதான் பேச்சு. ஆனால் அக்கா, நீங்கள் படிப்பிக்கும் பௌதிகவியலில் வெற்றிடப் பம்பி என்றால் கலத்திலிருந்து காற்றை அகற்றி வெற்றிடத்தை உண்டாக்குவது. இது வெற்றிடத்தை உண்டாக்கவில்லை, இயந்திரம் உண்டாக்கிய இழுவையால் ஆட்டப்படுகிறது. அதுவும் நிலையான இழுவை என்றால் மென்றகடு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். விட்டு விட்டு வருவதால்தான் வேலை நடக்கிறது. பாஸ் எனக்கு ஒரு வித்தை காட்டினார். மெல்லிய குழாயைக் கழற்றி, ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லி, குழாயின் வாயில் விரல் நுனியை வைத்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். விட்டு விட்டு இழுத்தது. வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான். துடிப்பு இருந்தால் குழாய் நல்லம், பெட்டிதான் பழுது. அதனால் என் முன்மொழிவு: துடிப்புப் பம்பி.

பிறகு அவர் சரியான மின்பம்பியைப் பூட்டினார். தாங்கிக்குப் பக்கத்தில், கீழே. இந்தச் சாதி பம்பி தள்ளுவதில் கெட்டி, தூரத்திலிருந்து உறிஞ்சுவதில் மந்தம். முன்னால் அழுக்கைத் தடுக்க ஒரு வடி. பழைய துடிப்புக் குழாய் வந்த வாயை மூடியால் அடைத்தார். திறந்து விட்டால் அதனால் காற்றுப் புகுந்து வண்டி இரைந்து இரைந்து நிற்கும். 12 வோல்ட்டில் 1.5 அம்பியர், அதாவது 18 உவாற்று, முன்விளக்கில் பாதி. சின்ன வண்டியின் மின்பிறப்பாக்கிக்கு அதுவும் ஒரு சுமைதான். கூடவே ஓர் உருகி. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றால் பம்பியும் நிற்கும்படி ரிலே ஒன்றும் போடவைத்தேன். வண்டி சரிந்து விழுந்தால் மிதவை தன் வேலையைச் செய்யாது. ரிலே இல்லாமல் சாவி திறந்திருந்தால் மின்பம்பி நிலத்துக்குப் பெற்றோல் இறைத்துக்கொண்டே இருக்கும். துடிப்புப் பம்பியில் இந்தப் பயமே இல்லை, இயந்திரம் நின்றால் அதுவும் நின்றது. இந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே அந்த வித்தியாசம் பாதி விளங்கும் என்று நினைக்கிறேன்.

ரிலேக்கு யாரும் சொல் கேட்காதீர்கள், இன்னொரு இழையில் பார்ப்போம். வண்டி சரிந்தால் அணையும் சுவிட்சுக்கு மட்டும் ‘சாய்வாளி’ என்று வைக்க ஆசை. சென்னை நண்பர் ‘ஆளி’ என்றால் கோயில் தூணில் நிற்கும் மிருகம் என்பார். இங்கே சுவிட்சுக்கு அதுதான் பாடநூல் சொல், ஐயா.

மிச்சம் இருப்பது அமுக்கம். என்னை விழுத்தியது அதுதான் என்பதால் அதுவும் பெயரில் வர வேண்டும். நேற்று பூட்டி முடித்ததும் பம்பியில் வெள்ளை நாடா ஒட்டி ‘எரிபொருள் மின்பம்பி – தாழமுக்கம்’ என்று எழுதினேன், அடுத்த முறை யாராவது பிழையான சாமானைப் போட்டுவிடக் கூடாதென்று. கராஜில் உதவிக்கு நிற்கும் ஹற்றன் பொடியன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். மின்பம்பி அவனுக்கு உடனே விளங்கியது. அடுத்த சொல்லில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏண்ணே, மழ வருமா?”

வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்த பிள்ளை. அவனுக்குத் தாழமுக்கம் வங்காள விரிகுடாவில்தான் உருவாகும். ‘குறையமுக்கம்’ என்று மாற்றலாமா, ‘காபரேற்றர் மின்பம்பி’ என்று வண்டியின் வகையைச் சொல்லியே பிரித்துவிடலாமா? எனக்கு இரண்டாவதில் சாய்வு. கிழமை முடிவுக்குள் உங்கள் எண்ணத்தை எழுதுங்கள், நாடாவை மாற்ற வேண்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து