லிவா மணல்ல ஓட்ட எந்த ஜிபிஎஸ், எந்த மேப்?

எல்லாருக்கும் வணக்கம், டிசம்பர்ல ரெண்டு வண்டியில அபுதாபியில இருக்கற லிவா தாண்டி ரப் அல் காலி பாலைவனம் பக்கம் போறோம், ஜிபிஎஸ் விஷயத்துல உங்க அனுபவம் வேணும். இப்போ போன்ல ஓஸ்மாண்ட் மேப் ஆப் போட்டு ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சிருக்கேன், சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யுது, ஆனா வெயில்ல டேஷ்போர்டுல வச்சா போன் சூடாகி அணைஞ்சுடுது, அதை மட்டும் நம்பி உள்ள போக மனசு வரல. கார்மின் மொன்டானா 700i ஜிபிஎஸ் மாடலைப் பார்த்து வச்சிருக்கேன், 5 இன்ச் ஸ்கிரீன், இன்ரீச்ங்கற சாட்டிலைட் மெசேஜ் வசதி இருக்கறதால இரிடியம் சாட்டிலைட் வழியா எஸ்ஓஎஸ் அனுப்பலாம், சந்தா தனி. விலைதான் யோசிக்க வைக்குது. சாதா ஜிபிஎஸ் ஒண்ணு, தனியா இன்ரீச் மினி ஒண்ணுன்னு வாங்கினா போதுமா?

அதைவிட பெரிய கவலை மேப். மணல்மேடு காத்துக்கு நகர்ந்துட்டே இருக்கும், பழைய டிராக்கை அப்படியே நம்ப முடியாது, அதனால சாட்டிலைட் படத்தை டிவைஸ்ல ஏத்தி ஓட்டறவங்க யாராச்சும் இருக்கீங்களா? முக்கியமா சப்கா, அதாவது உப்புத் தரை, எங்கெங்க இருக்குன்னு தெரியணும், மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள உப்புச் சேறு, வண்டி இறங்கிட்டா எடுக்கறது ரொம்பக் கஷ்டம். சமீபத்துல போனவங்க போன வழி பதிவான ஜிபிஎக்ஸ் ஃபைல் குடுத்தா பெரிய உதவியா இருக்கும், குழந்தைங்களோட போறோம்.