விஸ்கி சவர் ஒழுகுகிறது, நீர்த்தும் போகிறது: ஷேக்கரை மாற்றத்தான் வேண்டுமா?

புதுக்கை | ஞாயிறு, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்கிறேன். ஒன்றரை ஆண்டுகளாக கிளாஸ் கழுவுவதும் ஐஸ் சுமப்பதும்தான் என் வேலை. போன மாதம்தான் கவுன்டருக்குப் பின்னால் நிற்க விட்டார்கள். கப்பல் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் 10 நாளில் சென்னையில் செய்முறைத் தேர்வு. சொந்தக் கருவிகளைக் கொண்டுவரலாம் என்று சொல்லியிருப்பதால், இணையத்தில் 24 உருப்படிகள் கொண்ட செம்பு நிறப் பெட்டி ஒன்றை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து தொல்லைதான்.

ஒன்று, பாஸ்டன் ஷேக்கர் (மது கலந்து குலுக்கும் குவளை; மேலே கண்ணாடி, கீழே தகரம்) குலுக்கும்போதே வாயைத் திறந்துகொள்கிறது. இரண்டு வெள்ளைச் சட்டைகள் போய்விட்டன. இரண்டு, அதே பெட்டியில் வந்த மூன்று துண்டு ஷேக்கருக்கு நேர்மாறான நோய்: குலுக்கி முடித்தால் திறக்கவே மறுக்கிறது. மூன்று, என் விஸ்கி சவர் மட்டும் கழுநீர் போல இருக்கிறது. எங்கள் சீனியரும் அதே விஸ்கி, அதே அளவுதான் போடுகிறார்: விஸ்கி 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20, முட்டை வெள்ளைக்கரு 20. அவருடையது நாக்கில் நிற்கிறது; என்னுடையது நிற்பதில்லை.

"சாமான் மட்டம், ஜப்பான் செட் வாங்கு" என்கிறார் அவர். விலை பார்த்தேன், என் அரை மாதச் சம்பளம். வாங்கித்தான் ஆகவேண்டுமா?

எலுமிச்சங்காய் | ஞாயிறு, இரவு 11.58

வாங்கிவிடுங்கள் நண்பரே. மலிவுத் தகரம் மெல்லியதாக இருக்கும், வாய் வட்டமாகவே இருக்காது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

நித்யகல்யாணி | திங்கள், காலை 7.15

பணத்தை எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள் தம்பி.

மார்கரிட்டா, டைகிரி போன்ற மற்ற மதுக் கலவைகளைக் குலுக்கும்போதும் ஒழுகுகிறதா, இல்லை விஸ்கி சவருக்கு மட்டும்தானா? ஒழுகுவது ஐஸ் போடுவதற்கு முன்பா, பின்பா? உங்கள் ஜிக்கரில் (மது அளக்கும் இருபக்கக் கிண்ணம்) அளவு பொறித்திருக்கிறதா? ஐஸை எங்கிருந்து அள்ளுகிறீர்கள்?

சமையலறையில் மின்னணுத் தராசு இருக்கும். ஜிக்கரை அதன்மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். கணக்கு அவ்வளவுதான்.

புதுக்கை | திங்கள், மாலை 4.30

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். மார்கரிட்டா ஒருமுறைகூட ஒழுகியதில்லை. விஸ்கி சவருக்கு முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குவோம் அல்லவா, அப்போதுதான் திறந்துகொள்கிறது. பிறகு ஐஸ் போட்டுக் குலுக்கும்போது ஒன்றும் ஆவதில்லை.

ஜிக்கரில் எந்த எண்ணும் இல்லை. விற்றவர்கள் 30/60 என்று போட்டிருந்தார்கள். தராசில் வைத்தால் சிறிய பக்கம் 25 கிராம், பெரிய பக்கம் 50. மூன்று முறை ஊற்றிப் பார்த்துவிட்டேன். தராசில்தான் கோளாறோ என்று ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைக்கூட வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டுகிறது.

ஐஸ் கவுன்டரில் இருக்கும் தொட்டியிலிருந்துதான். மாலை 5 மணிக்கு நிரப்பினால் 9 மணிவரை அதுவே ஓடும்.

நித்யகல்யாணி | திங்கள், இரவு 12.20

இப்போதுதான் கடை மூடினோம், அதனால் தாமதம்.

உங்கள் முதல் நோயும் இரண்டாம் நோயும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஐஸ் போட்டுக் குலுக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் இரண்டு பாதிகளையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மார்கரிட்டா ஒழுகவில்லை. முட்டையோடு செய்யும் முதல் குலுக்கலில் குளிர்ச்சியே கிடையாது. போதாததற்கு உங்கள் உள்ளங்கைச் சூடு வேறு. உள்ளே இருப்பது வெளியேதான் தள்ளும், தள்ளுகிறது. எந்த நாட்டு ஷேக்கரும் இதைத்தான் செய்யும்.

எனவே அந்தக் குலுக்கலில் பிடி மாறவேண்டும். ஒரு கை அடியில், ஒரு கை தலையில், இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்திக்கொண்டே குலுக்குங்கள். ஒற்றைக் கை வித்தையெல்லாம் பிறகு. 10 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, லேசாக வாயைத் தளர்த்திக் காற்றை விட்டு மறுபடி மூடினாலும் தவறில்லை.

மூடும் விதத்தையும் பாருங்கள். மேல் பாதியை நேராக வைத்து அழுத்துவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. சற்றுச் சாய்த்து, ஒரு பக்கம் இரண்டின் சுவரும் ஒரே கோடாக இருக்கும்படி வைத்து, தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. திறக்கும்போது, அந்தக் கோடு முடிந்து இடைவெளி தொடங்குகிற இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினால் 'டக்' என்று விடும். கவுன்டர் விளிம்பில் மோதித் திறப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி வைத்துக்கொண்டு அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மூன்று துண்டு ஷேக்கர் இறுகுவதும் அதே சுருக்கத்தால்தான். அதில் பெரிய மூடியைப் பொருத்தும்போது உச்சியில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி வையுங்கள். உள்ளே அமுங்கும் காற்று வெளியேறட்டும். பிறகு சிறியதை மாட்டுங்கள். மீறி இறுகினால் மேல் பாகத்தில் மட்டும் வெந்நீர்த் துணியைச் சுற்றிப் பிடித்தால் அது விரிந்து வழிவிடும். அடிப்பாகத்தில் சுற்றினால் வேலைக்கு ஆகாது.

ஜிக்கர் விஷயம்தான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. உங்களுக்கு வந்திருப்பது பிரிட்டன் அளவு. அங்கே ஒரு பெக் 25 மில்லி, அல்லது 35. நம்மூரில் சின்ன பெக் 30, பெரியது 60. நீங்கள் 45 மில்லிக்கு ஒன்றரைச் சிறு ஜிக்கர் ஊற்றியிருப்பீர்கள். உண்மையில் விழுந்தது 37 சொச்சம். எலுமிச்சையை எப்படி அளந்தீர்கள்?

புதுக்கை | செவ்வாய், காலை 10.05

அளக்கவில்லை அக்கா. ஒரு பழம் முழுதாகப் பிழிவேன், போதவில்லை என்றால் இன்னொரு பாதி.

நித்யகல்யாணி | செவ்வாய், காலை 10.40

ஆக விஸ்கி குறைந்தது, சாறு கூடியது. நம்மூர் எலுமிச்சை ஒன்று 15 மில்லியும் தரும், மழைக்காலத்தில் 30-உம் தரும். பழத்தை எண்ணாதீர்கள், சாற்றை அளந்து ஊற்றுங்கள். பிழியும் கருவியில் அறுத்த முகம் கீழே, துளைகளைப் பார்த்து இருக்கவேண்டும். பழத்தின் வடிவமும் கிண்ணத்தின் வடிவமும் பொருந்துகிறதே என்று தலைகீழாக வைப்பவர்கள் உண்டு. சாறு கண்ணில்தான் விழும்.

பழைய கப்பல்காரன் | செவ்வாய், பிற்பகல் 2.15

எல்லாம் சரி. ஐஸை ஏன் யாரும் தொடவில்லை?

தம்பி, உங்கள் நீர்த்த சவரில் பாதிப் பங்கு அந்தத் தொட்டிக்கு. நான்கு மணி நேரம் உட்கார்ந்த ஐஸ் பார்ப்பதற்கு ஐஸ்தான், ஆனால் ஒவ்வொரு கட்டியும் தண்ணீரை உடுத்திக்கொண்டிருக்கும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். அந்தத் தண்ணீர் குலுக்கும் முன்பே மதுவில் கலந்துவிடுகிறது. இன்று வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள்: தொட்டியை முழுதாகக் காலி செய்துவிட்டு அடியில் உள்ள வடிகால் துளையைப் பாருங்கள்.

அடுத்து, ஐஸ் எவ்வளவு போடுகிறீர்கள்? நான்கைந்து கட்டிகள்தானே? நீர்த்துப்போகும் என்று பயந்து ஐஸைக் குறைப்பார்கள். நடப்பது வேறு. குறைந்த ஐஸ் சீக்கிரம் உடைந்து கரையும், குளிரும் ஏறாது, குளிரவில்லையே என்று இன்னும் அரை நிமிடம் குலுக்குவீர்கள். தகரத்தில் முக்கால் பங்கு நிரப்பி 12 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். தகரத்தின் வெளிப்புறம் வெள்ளையாகப் பனி பூத்து விரல் ஒட்டினால் போதும்.

கண்ணாடி கிளாஸால் தொட்டியில் ஐஸ் அள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தேர்வில் அதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வெளியே அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். ஐஸில் விழுந்த கண்ணாடிச் சில்லைக் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை எங்கள் கப்பலில், நிரம்பி வழியும் சனிக்கிழமை இரவில், ஒரு பையன் தொட்டிக்குமேல் கிளாஸை உடைத்துவிட்டான். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிரெனடின் (சிவப்புப் பாகு) பாட்டிலை எடுத்து ஐஸ் முழுவதும் ஊற்றினார். வேறு யாரும் தெரியாமல் அள்ளிவிடக் கூடாது என்பதற்கான சிவப்பு அடையாளம் அது. பிறகு வெந்நீர் ஊற்றிக் கரைத்து, துடைத்து, புது ஐஸ் நிரப்ப 20 நிமிடம். அந்த 20 நிமிடமும் அந்தப் பையன் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பையன் நான்தான்.

எலுமிச்சங்காய் | செவ்வாய், பிற்பகல் 3.02

அப்படியென்றால் கண்ணாடி ஷேக்கரே வேண்டாம் என்கிறீர்களா? உள்ளே நடப்பது தெரியும், வாடிக்கையாளருக்குப் பார்க்க அழகு. பல பெரிய பார்களில் இன்னும் அதுதான்.

பழைய கப்பல்காரன் | செவ்வாய், பிற்பகல் 3.30

அழகுதான், மறுக்கவில்லை. கழுவும் எந்திரத்திலிருந்து சூடாக எடுத்த கிளாஸில் நேராக ஐஸைக் கொட்டுங்கள், விரிசல் விடும்போது அழகு தெரியும். என் தேர்வு இரண்டும் எவர்சில்வர்: பெரியது 28 அவுன்ஸ், அதாவது 830 மில்லி அளவு, சிறியது 18 அவுன்ஸ், 530 மில்லி அளவு. இரண்டையும் ஒரே செட்டாக வாங்கவேண்டும். ஒன்று இங்கே ஒன்று அங்கே வாங்கிச் சேர்த்தால் எலுமிச்சங்காய் சொன்ன தொல்லை வரும். இதற்கு அரை மாதச் சம்பளம் தேவையில்லை.

புதுக்கை | செவ்வாய், இரவு 1.10

ஐயா, வடிகாலைப் பார்த்தேன். எலுமிச்சை விதைகளும் புதினாத் தண்டுகளும் களிம்பாக அடைத்துக்கொண்டிருந்தன. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். அடி ஐஸ் இத்தனை நாள் இரண்டு அங்குலத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. அதன்மேல்தான் நான் தினமும் புது ஐஸைக் கொட்டியிருக்கிறேன்.

எங்கள் கவுன்டர் பெக் அளவையையும் விடாமல் எடை போட்டேன். 30, 60 மிகச் சரி. அதில் எடையளவுத் துறை முத்திரையும் இருக்கிறது. சீனியர் அதைத்தான் பயன்படுத்துகிறார், நான் பெருமையாக என் செம்பு ஜிக்கரை எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

தேர்வுக்கு எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று மட்டும் சொல்லுங்கள். பெட்டியில் இருப்பதில் பாதியின் பெயரே தெரியவில்லை.

நித்யகல்யாணி | புதன், காலை 8.00

செம்புப் பூச்சு உள்விளிம்பில் உரியத் தொடங்கியிருந்தால் அந்த ஷேக்கரை எடுத்துப்போகாதீர்கள். எலுமிச்சைப் புளிப்பு படும் இடத்தில் பூச்சு நிற்காது, உரிந்தது கிளாஸில்தான் போகும். ஐயா சொன்ன இரட்டை எவர்சில்வர் செட், உள்ளே கோடு பொறித்த 30/60 ஜிக்கர் ஒன்று, இவை இரண்டும் புதிதாக வாங்குங்கள். 15, 20 கோடுகள் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது.

சுருள்கம்பி வடிகட்டியைப் பெட்டியிலிருந்தே எடுக்கலாம், சுருள் நெருக்கமாக இருந்தால். கம்பியைக் கழற்றிக் கழுவுகிறீர்களா? துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். முட்டை போட்ட சவருக்கு அடியில் ஒரு மெல்லிய வடிகட்டியும் பிடிக்கவேண்டும். கூம்பு வடிவம் சீக்கிரம் இறங்கும், ஆனால் வீட்டு டீ வடிகட்டி போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் நான்கு ஆண்டுகள் அதில்தான் ஓட்டினேன்.

நீண்ட பார் ஸ்பூன் வேண்டும். அதன் முதுகு கிளாஸின் சுவரை ஒட்டியே சுற்றவேண்டும், ஐஸ் சத்தம் போடக்கூடாது. மட்லரில் (இலை, பழம் நசுக்கும் தடி) பல் வைத்தது இருந்தால் விட்டுவிடுங்கள். மொகிட்டோவுக்குப் புதினாவைத் துவையலுக்கு இடிப்பது போல இடித்தால் கசப்புதான் வரும், இலை கிழியாமல் நாலு அழுத்து போதும். அடி தட்டையான, வார்னிஷ் பூசாத மரம் நல்லது.

மீதி: தோல் சீவும் கத்தி, சின்னக் கத்தி, இரண்டு சுத்தமான துணிகள். பாட்டிலில் செருகும் ஊற்றுமூக்கு அங்கேயே இருக்கும்.

பழைய கப்பல்காரன் | புதன், காலை 9.20

கார்க் திருகியை விட்டுவிட்டீர்களே அம்மா! கப்பல் தேர்வில் ஒயின் பாட்டில் திறக்கச் சொல்வார்கள். இரண்டு படி நெம்புகோல் உள்ள மடக்குத் திருகியாக எடுத்துப்போங்கள். கார்க்கை மூடியிருக்கும் தகட்டைப் பாட்டில் வாயின் கீழ் வளையத்துக்கு அடியில் வெட்டுங்கள். கார்க்கை 'பட்' என்று பிடுங்கக்கூடாது, கடைசி அரை அங்குலத்தைக் கையால் எடுக்கவேண்டும்.

இன்னொன்று. முட்டை போடும் முன் அவர்களிடம் கேளுங்கள். கப்பலில் பச்சை முட்டை உடைக்க மாட்டோம், பாஸ்டரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமி நீக்கிய) வெள்ளைக்கருதான். நீங்களாகக் கேட்டால் அதற்கே மதிப்பெண் உண்டு.

புதுக்கை | 12 நாள் கழித்து, இரவு 11.15

தேர்வு முடிந்தது. எதைச் சொல்வது! சொந்தக் கருவிகள் வேண்டாம், இங்கே இருப்பதை வைத்துச் செய் என்று சொல்லி, மேசையில் மூன்று துண்டு ஷேக்கரைத்தான் வைத்திருந்தார்கள். சிறிய மூடியைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினேன். தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். முட்டை பற்றிக் கேட்டேன். அட்டைப் பெட்டியில் இருந்த வெள்ளைக்கருவைத் தள்ளிவைத்தார். இரண்டு கைப் பிடி, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. திறக்க மட்டும் ஒருமுறை துணி வைத்துத் திருகவேண்டியிருந்தது. கார்க் பாதியில் முறிந்துவிட்டது, திருகியைச் சாய்வாக இறக்கி மீதியை எடுத்தேன்.

முடிவை இரண்டு வாரத்தில் சொல்வார்களாம்.

எலுமிச்சங்காய் | அன்றே, இரவு 11.50

வாழ்த்துகள்! அந்த 25/50 ஜிக்கர் என்ன ஆயிற்று? எனக்கு வந்ததையும் இப்போதுதான் எடை போட்டேன்.

புதுக்கை | மறுநாள், காலை 9.30

அம்மா காபித்தூள் அளக்க எடுத்துக்கொண்டார். உங்களுடையது எத்தனை காட்டியது?

எலுமிச்சங்காய் | மறுநாள், காலை 9.41

27-உம் 52-உம். இது எந்த நாட்டு அளவு என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.