சுண்டெலி ஜீ6பீடீ: எக்சோன் 2க்கும் 3க்கும் இடையில் இன்ட்ரோனைக் காணவில்லை, உதவி தேவை

பேராதனை மாணவி:
சுண்டெலி ஈரலில் எடுத்த டீஎன்ஏயில் ஜீ6பீடீ (குளுக்கோஸ்-6-பொஸ்பேட் டீஹைட்ரஜனேஸ்) நொதியத்தின் பரம்பரையலகுக்கு எக்சோன் (எம்ஆர்என்ஏயில் தங்கும் பகுதி), இன்ட்ரோன் (நடுவில் வந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) எல்லை குறிக்கிறேன். பெருக்கலைத் தொடங்கும் பிரைமர் துண்டு எல்லாம் சீடீஎன்ஏ (எம்ஆர்என்ஏயிலிருந்து எடுத்த, இன்ட்ரோன் இல்லாத டீஎன்ஏ பிரதி) வரிசையைப் பார்த்துப் போட்டவை. எக்சோன் 6–8 இல் இரண்டு பட்டை: ஒன்று பெரிது, மற்றது சரியாக சீடீஎன்ஏ அளவு. 2–3 இல் சின்னப் பட்டை மட்டும். பெருக்கியது சாதாரண டாக் (டீஎன்ஏ பொலிமரேஸ் நொதியம்), 72 பாகையில் 1 நிமிடம். டீஎன்ஏ போடாத குழாயில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் இன்ட்ரோன் இல்லையென்று எழுதலாமா?

பதுளை:
ஆர்என்ஏ கலந்திருக்கும். ஆர்என்ஏயைச் சிதைக்கும் நொதியமான ஆர்என்ஏஸ் போட்டு 37 பாகையில் அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்க.

கண்டி ஆய்வுகூடம்:
டாக் சாதாரணமாக ஆர்என்ஏயைப் பெருக்காது, ஆர்என்ஏஸால் அந்தப் பட்டை போகாதுங்க. தங்கச்சி, தயவுசெய்து அப்படி எழுதிடாதீங்க. சுண்டெலிக்கு இந்த நொதியத்துக்கு இரண்டு பரம்பரையலகு. ஜீ6பீடீஎக்ஸ் எக்ஸ் நிறமூர்த்தத்தில், இன்ட்ரோன்களோடு. ஜீ6பீடீ2 5ஆம் நிறமூர்த்தத்தில். எம்ஆர்என்ஏ திரும்ப டீஎன்ஏயாகிச் செருகிக்கொண்டது, அதனால் இன்ட்ரோனே கிடையாது. சீடீஎன்ஏ பிரைமர் இரண்டிலும் ஒட்டும்.

மனிதனில் இந்தப் பரம்பரையலகு ஏறத்தாழ 18,000 மூலச்சோடி (டீஎன்ஏ எழுத்துச் சோடி), 13 எக்சோன். அதில் எக்சோன் 2க்கும் 3க்கும் நடுவில் மட்டும் சுமார் 10,000. சுண்டெலியிலும் அந்த இன்ட்ரோன் நீளம்தான். 1 நிமிடத்தில் டாக் அதைக் கடக்காது, சின்னது மட்டும் பெருகும்.

முதலில் சின்னப் பட்டையை சீக்குவன்சிங்குக்கு (எழுத்து வரிசையை வாசிக்க) கொடுங்க. ஜீ6பீடீஎக்ஸ் சீடீஎன்ஏயிலிருந்து அங்கங்கே எழுத்து மாறியிருந்தால் ஜீ6பீடீ2. ஓர் எழுத்தும் மாறாவிட்டால் உங்க டீஎன்ஏயில் சீடீஎன்ஏ கலந்திருக்கு, புதிதாகப் பிரித்தெடுக்கணும்.

பிறகு பிரைமரை இன்ட்ரோனுக்குள், எக்சோன் விளிம்பிலிருந்து 100 மூலமாவது தள்ளிப் போடுங்க. அந்தப் பிரைமர் ஜீ6பீடீ2இல் ஒட்டாது. வாசிப்பின் முதல் 30–50 எழுத்து தெளிவில்லாமல் வரும், 100 விட்டால் எல்லை தப்பாது. எக்சோன் 3 மனிதனில் 38 மூலம்தான். 4ஐயும் சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது சுலபம்.

எல்லையில் ஒரே எழுத்து இரண்டு பக்கமும் பொருந்தினால் இன்ட்ரோன் ஜீடீ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி ஏஜீயில் முடிகிற மாதிரி எல்லையை நகர்த்துங்க, பெரும்பாலான இன்ட்ரோன் அப்படித்தான்.

ஹட்டன்:
இன்ட்ரோன் 2 (எக்சோன் 2க்கும் 3க்கும் நடுவில் உள்ளது) முழுவதும் வேணுமென்றால் நீள்துண்டு பொலிமரேஸ், 68 பாகை, ஆயிரம் மூலத்துக்கு 1 நிமிடம். 12 நிமிடம், 30 சுற்று: 6 மணித்தியாலத்துக்கு மேல். மழைக்காலத்தில் கரண்ட் போகும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீங்க. நீளத் துண்டு உடையாமலிருக்க டீஎன்ஏயை வோர்டெக்ஸ் பண்ணி (இயந்திரத்தில் வேகமாகக் குலுக்கி) கலக்கக் கூடாது, பிப்பெட் முனையை வெட்டி அகலமாக்கி எடுங்க. எல்லை குறிக்க மட்டும் என்றால் இது தேவையே இல்லை.

பேராதனை மாணவி:
நன்றி அண்ணா. 6–8 இன் பெரிய பட்டையை ஜெல்லில் வெட்டித் திரும்பப் பெருக்கலாமா?

கண்டி ஆய்வுகூடம்:
வெட்டிச் சுத்தம் செய்து நேரே சீக்குவன்சிங்குக்கு அனுப்புங்க. திரும்பப் பெருக்கினால் ஒட்டியிருக்கிற கொஞ்சம் சின்னத் துண்டு மறுபடி முந்திக்கொள்ளும்.