முட்டிவலிப் படிவத்தில் அம்மா "இல்லை" என்று போட்ட கதை (உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்)

கீழ்வீட்டுக்காரி

முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி போனவர்களுக்கு அந்தப் படிவம் தெரிந்திருக்கும். இல்லை, லேசாக, நடுத்தரம், கடுமை, மிகக் கடுமை என்று கேள்விக்கு ஐந்து கட்டம். அம்மாவுக்கு வயது 64. நான் ஆபீஸ் போனில் இருந்தேன், அவரே டிக் போட்டு முடித்துவிட்டார். டாக்டர் மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையேம்மா, இப்போதைக்கு எக்சர்சைஸ்லயே ஓட்டலாம்" என்றார். அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

அடுத்த நொடி நடந்ததுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எழுந்திருக்க மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். வளையல் மேஜையில் கிரீச்சென்று உரசியது. இடது பக்கம் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை முடியாமல் திரும்ப உட்கார்ந்து, இரண்டாவது தடவைதான் எழுந்தார். டாக்டர் அடுத்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் படிவத்தின் நகலைப் பார்த்தேன். மாடிப்படி ஏறுவதில் சிரமம்: இல்லை. இறங்குவதில்: இல்லை. கேட்டால், "படியே ஏறுறதில்லையே, அப்புறம் என்ன சிரமம்?" என்கிறார். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்கு வந்ததே இந்த முட்டியால்தான். இரண்டு வருடமாக மொட்டைமாடிப் பக்கம் போனதில்லை, வடகம்கூட வாசலில்தான் காய்கிறது. வீடு வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அங்கேயே டாக்டரிடம் சொல்லாத கோபம் எனக்கு.

பிசியோ அக்கா

இதில் நான் மேஜைக்கு அந்தப் பக்கம். எங்களிடம் இருப்பது வோமாக் (WOMAC) என்ற முட்டிப் படிவம். 24 கேள்வி: வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைக்கு 17. அந்த இரண்டில்தான் மாட்டினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா, பக்கத்தில் மகள். படிவத்தில் இருந்தபடியே வாசித்தேன்: "காலையில் எழுந்தவுடன் உங்களுக்கு விறைப்பு எந்த அளவு இருக்கிறது?" தாத்தா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். "அதெல்லாம் இந்த வயசுல ஏம்மா கேக்குற?" மகள் எழுந்து தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார். எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது.

அன்றிலிருந்து "காலைல முட்டி பிடிச்சுக்குதா, மடக்க வருதா" என்றுதான் கேட்கிறேன். அதற்கும் பாதிப் பேர் "மரத்துப் போவுது" என்கிறார்கள். அது வேறு சங்கதி, நரம்பு. திரும்பக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

சாக்பீஸ்

எங்கள் அப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவருக்குக் கொடுத்தது கூஸ் (KOOS) என்ற வேறொரு முட்டிப் படிவம், 42 கேள்வி. அதில் 100 என்றால் முட்டி நன்றாக இருக்கிறது, 0 என்றால் மோசம். கம்ப்யூட்டர் தாளில் வலி 42, அன்றாட வேலை 53, விளையாட்டு 10 என்று வந்தது. பாஸ் மார்க் 35 என்ற கணக்கில் முப்பத்தாறு வருஷம் தாள் திருத்தியவர். "ரெண்டுல பாஸ், விளையாட்டுல மட்டும் ஃபெயில்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரித்தோம். ஆனால் அந்த விளையாட்டுப் பகுதியைத் திருப்பிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஓடுவது, குதிப்பது, இவற்றோடு குந்தி உட்காருவதையும் அதில்தான் சேர்த்திருக்கிறார்கள். படிவம் ஸ்வீடன் பக்கம் உருவானது, அங்கே அது விளையாட்டாகவே இருக்கட்டும். அப்பா அந்தப் பகுதி முழுக்கக் குறுக்கே கோடு போட்டு, சிவப்பு மை இல்லாத குறையாக, "பொருந்தாது" என்று எழுதியிருந்தார். நர்ஸ் திரும்ப உட்கார வைத்து நிரப்பச் சொன்னார். "குந்துறது விளையாட்டாப்பா? காலைக்கடனுக்கு நான் எங்க போறது?" என்று என்னைக் கேட்டார். ஊர் வீட்டில் இன்னும் பழைய கக்கூஸ்தான்.

நடைராஜா

எனக்கும் இரண்டு முட்டியும் போய் நாலு வருஷம். படிவம் நிரப்பியிருக்கிறேன், ஒரு பிரச்சனையும் வரவில்லை.

கீழ்வீட்டுக்காரி, தப்பு உங்கள் மேல். போனை வைத்துவிட்டுக் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த டாக்டரும் வெறும் டிக்கை வைத்து முடிவு செய்வதில்லை, எக்ஸ்ரே பார்த்திருப்பார். படிவத்தை விடுங்கள், முட்டியைக் கவனியுங்கள். ஒன்று, எடை. உடம்பில் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். இரண்டு, தொடையின் முன்பக்கத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், சீரியல் விளம்பரத்துக்கு ஒரு செட். மூன்று, கைத்தடி. வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். நான்கு, கக்கூஸில் உயரமான ஸ்டூல் அல்லது வெஸ்டர்ன். சாக்பீஸ் அவர்களே, அப்பாவுக்கு முதலில் அதைச் செய்யுங்கள், மார்க்கை அப்புறம் பார்க்கலாம். ஐந்து, தரையில் சம்மணம் வேண்டவே வேண்டாம், கல்யாணப் பந்தியாக இருந்தாலும் சரி. ஆறு, கண்ட எண்ணெயைப் பார்சலில் வரவழைக்காதீர்கள். என் தம்பி ஆறாயிரம் ரூபாய் விட்டான்.

லெஸ்டர் மருமகள்

இங்கிலாந்தில் முட்டி மாற்று அறுவைக்கு முன்னும், ஆறு மாதம் கழித்தும் ஆக்ஸ்ஃபோர்டு முட்டிப் படிவம் தருவார்கள். பன்னிரண்டே கேள்வி, முழு மதிப்பெண் 48. 2009 முதல் இங்கே இது வழக்கம். மாமியாருக்கு நான்தான் தமிழில் சொல்லி நிரப்பினேன்.

அறுவைக்கு முன்னால், மண்டியிட்டு எழுந்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு "ரொம்பக் கஷ்டம்" என்றார். ஆறு மாதம் கழித்து, தோட்டத்தில் நடக்கிறார், பஸ்ஸில் ஏறுகிறார், நானே ஆச்சரியப்படும் அளவுக்கு மாற்றம். அதே கேள்வி. "முடியவே முடியாது."

"வலிக்குதா அத்தே?"

"வலிக்கல. யாரு மண்டி போட்டுப் பாத்தா? உள்ளே இரும்பு வச்சிருக்காங்க. ஒடஞ்சிட்டா?"

ஆபரேஷன் செய்தவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கோயிலில் யாரோ ஒரு அம்மா சொன்னாராம். கட்டத்தில் என்ன போடுவது? முடியாது என்றால் அறுவை சரியில்லை என்ற கணக்கில் போய்ச் சேரும். முடியும் என்றால் பொய். பேனாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அத்தை டீ போடப் போய்விட்டார். கடைசியில் அவர் சொன்னதையே போட்டேன். இன்னமும் அது சரியா என்று தெரியவில்லை.

நடைராஜா, உங்களுக்குப் பிரச்சனை வரவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கீழ்வீட்டு அம்மாவும் பிரச்சனை இல்லை என்றுதானே வந்தார்?

வேப்பமரம்

பாட்டியிடம் கேட்ட கேள்வி: "குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது எப்படி?" பாட்டிக்குத் தொட்டி என்றால் கொல்லைப்புற சிமெண்ட் தொட்டிதான். "நான் எதுக்குத் தொட்டிக்குள்ள இறங்கணும்? பாசி கழுவ ஆளு வருவான்." டிக்: சிரமம் இல்லை.

ஆனால் இங்கே எல்லோரும் பெரியவர்களுக்குப் புரியாது என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே படிவத்தில், முழங்கால் மேல் நம்பிக்கைக் குறைவு எந்த அளவு உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று ஒரு கேள்வி, 0 முதல் 4 வரை, 4 என்றால் ரொம்ப மோசம். எனக்கே அது என்னவென்று விளங்கவில்லை, விட்டுவிடலாம் என்றேன். பாட்டி கையில் இருந்த கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "நம்பிக்கை இருந்தா இது எதுக்கு? நாலு போடு."

நடைராஜா

லெஸ்டர் மருமகளுக்கு: நான் சொன்னது நல்லதுக்குத்தான். பதில் உறுதியாகத் தெரியாவிட்டால் உங்களால் முடிந்த அளவு சரியான பதிலைக் கொடுங்கள் என்று கூஸின் முதல் பத்தியிலேயே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

பிசியோ அக்கா

தெரியாதவர்கள் தயங்கினால் நாங்களே விளக்கிவிடுவோம். கீழ்வீட்டு அம்மா தயங்கவே இல்லை பாருங்கள், அங்கேதான் வினை. எங்கள் சீனியர் படிவத்தை வாங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "முட்டிக்காக எதை எல்லாம் செய்யறதை விட்டீங்க?" அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார். குந்துவதும் சம்மணமும் வருகிற மாதிரி புனேயில் வோமாக்கை நம் ஊர்ப் பழக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அது வந்தாலும் இந்தப் பென்சில் வேலை போகாது. கீழ்வீட்டுக்காரி, அடுத்த தடவை வடகக் கதையை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரி

நேற்று மறுபடி போனோம். வடகக் கதையைச் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டார், பரிசோதனைக் கட்டிலுக்குக் கீழே இருக்கும் சின்னப் படியில் அம்மாவை ஏறச் சொல்லிப் பார்த்தார். அது சரி.

புதிதாக ஒரு படிவமும் கொடுத்தார்கள். இந்தத் தடவை போனை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மாடிப்படி ஏறுவதற்கு அம்மா "மிகக் கடுமை" போட்டார். இறங்குவதற்கும் அதே. படுக்கையில் புரள்வதற்கும், காலுறை போடுவதற்கும்கூட அதே. அவர் ஜென்மத்தில் காலுறை போட்டதில்லை.

"என்னம்மா எல்லாத்துக்கும் கடைசிக் கட்டம்?"

"போன தடவை இல்லைன்னு போட்டதுக்கு நீ வீடு வரைக்கும் கத்திக்கிட்டே வந்தியே."