ராமச்சந்திரனின் கண்ணாடிச் சிகிச்சையை நம்பலாமா?

ஈசூன்வாசி:
சர்க்கரையால் அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத கட்டைவிரல் மடங்கி வலிக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வையைத் தடவிப் பார்க்கிறார். தெரப்பிஸ்ட் கண்ணாடி வைத்துப் பழகச் சொன்னார். வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த முறையாமே, அவருடைய ஆய்வை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்களா?

நரம்பியல் மாணவி:
சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அப்புறம் கேம்பிரிட்ஜ், சான் டியாகோ. அவருடைய 1996 கட்டுரையில் கை இழந்த நோயாளிகள் கொஞ்சப் பேர்தான், ஆனால் யோசனை பெரியது: அசையச் சொல்லி மூளை கட்டளை போடுகிறது, இல்லாத கையிலிருந்து பதில் வருவதில்லை, கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பம் அந்தப் பதிலைக் கொடுக்கிறது. 2007இல் அமெரிக்காவில் கால் இழந்த 22 பேரை வைத்து, துணி போட்டு மூடிய கண்ணாடியோடும் வெறும் கற்பனைப் பயிற்சியோடும் ஒப்பிட்டார்கள். கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது.

தேக்கா குமார்:
ஆட்டிசத்துக்குக் காரணம் கண்ணாடி நியூரான் (நாம் ஒன்றைச் செய்யும்போதும், மற்றவர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் மூளை செல்) கோளாறு என்று அவர் சொன்னது மட்டும் பிறகு நிற்கவில்லை. பெயர் ஒன்றுபோல இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாணவி:
ஆமாம் அண்ணா. தம்பி, அந்தச் சோதனையில் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் செய்தார்கள். ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள்.

ஈசூன்வாசி:
சரி அக்கா, அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், இன்றைக்கே ஆரம்பிக்கிறோம்.