டுரியான் பூப்பதற்குள் பணம் வந்தாக வேண்டும்: வௌவால் ஆய்வுக்கு நிதி கேட்ட அனுபவங்கள்

பினாங்கு, முதுகலை மாணவி

வௌவால் ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். என்னுடையதைச் சொல்கிறேன்.

முதல் முறை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பத்தை இப்போது எடுத்துப் படித்தால் காரணம் புரிகிறது. வௌவால்கள் எவ்வளவு முக்கியம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எந்த மரத்தடியில், எந்த மாதம், எதை எண்ணப் போகிறேன் என்று ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் பினாங்கின் பாலேக் பூலாவில் ஒரு டுரியான் பழத் தோப்புக்குப் போனேன். தோப்புக்காரர் ஒரு சீன அங்கிள். வௌவால் என்றாலே அவருக்கு ஆகாது. விடிகாலையில் மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். தரை முழுக்க இதழும் மகரந்தத் தாளுமாகக் கொட்டிக் கிடந்தது. “பார், எல்லாம் வௌவால் பிய்த்துப் போட்டது” என்றார்.

டுரியான் பூ சாயங்காலம் விரியும். இரவு முடிவதற்குள் இதழையும் தாள்களையும் தானாகவே உதிர்த்துவிடும். வௌவால் வந்தாலும் உதிரும், வராவிட்டாலும் உதிரும். ஆனால் வாழ்நாளெல்லாம் அந்த மரங்களோடு இருப்பவரிடம் நேற்று வந்த நான் அதை எப்படிச் சொல்வது? சரி, காட்டிவிடுவோம் என்று ஒரு கிளையில் சில பூங்கொத்துகளுக்கு மாலையிலேயே வலைப்பை கட்டினோம். மறுநாள் காலை அவிழ்த்தால் பைக்குள்ளேயே ஒரு பிடி இதழ் உதிர்ந்து கிடந்தது. அங்கிள் அதை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்தார். “அப்படியென்றால், வௌவால் வராத பூ காய்க்குமா?” என்று அவரே கேட்டார்.

இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் வரி அந்தக் கேள்விதான். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் பூவைக் கெடுக்காமல் தேன் குடித்துப் போவதைத் தானியங்கிக் கேமராவில் பதிவுசெய்து, அதனால் காய் பிடிப்பது கூடுகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. நம் மலையடிவாரத் தோப்புகளில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன் என எழுதினேன். கேட்டது வலைத்துணி, ஏணி, மரம் ஏறுபவருக்குக் கூலி, மோட்டார் பெட்ரோல், வெறிநோய்த் தடுப்பூசி, அவ்வளவுதான். கிடைத்தது.

ஆனால் டிசம்பரில் உறுதியான பணம் ஓர் அலுவலகத்தின் வழியாக வர வேண்டியிருந்தது. கையெழுத்துக்காக அங்கேயே கிடந்தது. பிப்ரவரியில் மொட்டு விட்டுவிட்டது. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில்தான் அந்தப் பருவத்தை முடித்தேன். பணம் வந்த அன்று மரத்தில் முஷ்டி அளவுக் காய்கள் தொங்கின. அம்மா இல்லையென்றால் ஒரு வருடம் போயிருக்கும். எந்த மாதத்துக்குள் பணம் வேண்டும், ஏன் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். தருபவர்களுக்கு டுரியான் எப்போது பூக்கும் என்று தெரியாது.

கோலாலம்பூர், முன்பு களப்பணியில் இருந்தவர்

தங்கச்சி, அந்த வலைப்பை விஷயத்தைப் படித்ததும் எனக்குப் பத்துமலை நினைவு வந்தது. தைப்பூசத்துக்குப் படியேறும் நம்மவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த மலையின் இருட்டுக் குகையில் தங்கும் தேன் வௌவால்தான் டுரியானுக்கும், நீளக் காய் காய்க்கும் பெத்தாய் மரத்துக்கும் மகரந்தம் சுமக்கிறது என்று? ஸ்டார்ட், மார்ஷல் என்ற இருவர் 1970களிலேயே இதை ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். டுரியான் பூ வருடத்தில் சில வாரம்தான். மற்ற நாட்களில் அந்த வௌவால் கடலோரச் சதுப்புநிலப் பூக்களைத் தேடி 30 கிலோமீட்டருக்கு மேல்கூடப் பறந்து போகும். சுண்ணாம்பு மலையை உடைத்தாலும் சரி, சதுப்புநிலத்தை அழித்தாலும் சரி, அடி விழுவது தோப்பில்.

என் விண்ணப்பத்தில் இந்த மூன்று இடத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். என்னைக் கேட்டால், அந்த ஒரு படம்தான் பணம் வாங்கித் தந்தது.

ஒரு முறை பிடித்த வௌவாலுக்குச் சிரிஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நீட்டினேன். நீளமான நாக்கு வெளியே வந்தது. நுனி தூரிகை மாதிரி. மார்பு ரோமத்தை செல்லோடேப்பால் ஒற்றி எடுத்தால் மஞ்சள் பொடி. அதை நுண்ணோக்கியில் பார்த்து எந்தப் பூ என்று சொல்வோம். முழு ஆய்வுக்கும் தேவைப்பட்ட பொருள்களில் இந்த டேப்தான் ரொம்ப மலிவு.

எங்கே கேட்பது என்பவர்களுக்கு: 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் மாணவர் ஆய்வுக்கு உதவித்தொகை கொடுத்திருக்கிறது. பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை சிறு நிதி தருகிறது. அந்தந்த வருட விதியை அவர்கள் தளத்திலேயே படித்துவிட்டு எழுதுங்கள்.

கோலாலம்பூர், இன்னும் கிடைக்காதவர்

எனக்கு வந்த பதிலில் ஒரே கேள்வி: பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? நான் அதை எழுதவே இல்லை. 1998, 1999இல் நீப்பா வைரஸில் நம் மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். பன்றிப் பண்ணைகளை ஒட்டியிருந்த பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் போனது. நெகிரி செம்பிலானில் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் குரல் இறங்கிவிடும். வௌவாலோடு வேலை என்றதும் பாட்டி அழுதுவிட்டார். தடுப்பூசி, கையுறை, முகக்கவசம், பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அனுமதி எல்லாவற்றையும் தனிப் பக்கமாக எழுதி இரண்டாம் முறை அனுப்பப் போகிறேன். அனுப்புவதற்கு முன்னால் பாட்டியிடம் வாசித்துக் காட்டுவேன்.

பினாங்கு, முதுகலை மாணவி

தம்பி, முகக்கவசம் நமக்காக மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவிட் நேரத்தில் நம்மிடமிருந்து வௌவாலுக்குத் தொற்றிவிடக் கூடாது என்றுதான் உலகெங்கும் களப்பணியையே நிறுத்தச் சொன்னார்கள். உங்கள் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துத் தருகிறேன். இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் நேற்று இரவு அங்கிள் போன் செய்தார். மேற்குப் பக்கக் கிளையில் மொட்டு தெரிகிறதாம். வலைப்பைகளை அவரே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.